மனநோய் உள்ளவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு: எந்த மேசையில் என்ன கேட்பது?

கரையோரம் எழுதியது:

பரமக்குடி, மானாமதுரை, திருப்புவனம் பக்கமிருந்து வரும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். வீட்டில் ஒருவருக்கு மனச்சிதைவு என்றோ இருதுருவ மனநோய் என்றோ டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரையும் எழுதிக் கொடுத்தாயிற்று. அதற்கப்புறம் யாரிடம் போவது? தனியார் மருந்துக்கடை பில் மாதாமாதம் கட்டுப்படியாகவில்லை. ஆள் மாத்திரையைத் தொட மறுக்கிறார். மாற்றுத்திறனாளி அட்டை வாங்கலாம் என்கிறார் ஒருவர், மனநோய்க்கு அதெல்லாம் கிடையாது என்கிறார் இன்னொருவர். அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு யார் என்ற கவலை வேறு.

ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டுக் கதைகளை இங்கே எழுத வேண்டாம், அதற்குத் தனி இழை இருக்கிறது. எந்த இடம், எந்தத் தாள், எங்கே சிக்கும், ஏன் சிக்கும் என்பதை மட்டும் எழுதுங்கள். தமிழ்நாட்டு நடைமுறை மட்டும்.


வட்டார செவிலி எழுதியது:

முதல் கதவு மாவட்ட மனநலத் திட்டம். அரசு ஆஸ்பத்திரியில் "டி.எம்.ஹெச்.பி. எங்கே?" என்று கேட்டால் காட்டுவார்கள். குழுவில் மனநல மருத்துவரோடு உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் இருப்பார்கள். இவர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. மாதச் சுற்றுப்பயண அட்டவணைப்படி வட்ட மருத்துவமனைகளுக்கும் சில ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் குறிப்பிட்ட கிழமையில் வருவார்கள். அந்த அட்டவணையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும். அடுத்த ஊர் முகாம் உங்கள் ஊரைவிடப் பக்கத்தில் இருக்கவும் கூடும்.

முதல் தடவை போகும்போது கொண்டுபோக வேண்டியவை: ஆதார், இதுவரை பார்த்த எல்லா டாக்டர் சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் காலி அட்டைகள். காலி அட்டை ஏன் என்றால், தனியாரில் எழுதியது ஒரு கம்பெனிப் பெயராக இருக்கும், அரசில் இருப்பது மூலப்பெயரில் இருக்கும். அட்டையைப் பார்த்தால்தான் அதே மருந்தை அதே அளவில் எழுத முடியும். வெறுமனே "வெள்ளை மாத்திரை, ராத்திரி ஒன்று" என்று சொன்னால் டாக்டர் புதிதாக ஆரம்பிக்க நேரும். அப்போதுதான் நன்றாக இருந்த ஆள் மறுபடி கெடுகிறார்.

ரிஸ்பெரிடோன், ஓலான்சபின், ஹாலோபெரிடால், லித்தியம், வால்ப்ரோயேட், ஃப்ளுவாக்ஸிடின் போன்றவை அரசு மருத்துவமனையில் இலவசம். பெரும்பாலும் ஒரு மாதத்துக்குத் தருவார்கள். எப்போதும் ஏழு நாள் மாத்திரை கையிருப்பில் இருக்கட்டும். பொங்கல், தீபாவளி விடுமுறை, மழை வெள்ளம், டாக்டர் விடுப்பு என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டேதான் இருக்கும். தீர்ந்த பிறகு போகாமல், தீர ஒரு வாரம் இருக்கும்போதே போய் வாங்குங்கள்.

வீட்டை விட்டு ஆளை நகர்த்தவே முடியாத நிலை என்றால் 14416-க்கு அழையுங்கள். டெலி மனாஸ், இரவு பகல் எந்நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபர் 10-இல் தொடங்கியது. நோயாளிதான் பேச வேண்டும் என்றில்லை, பார்த்துக்கொள்பவரும் பேசலாம். தற்கொலை எண்ணம் பற்றிப் பேசச் சென்னை சினேகா அமைப்பின் 044-24640050 எண்ணும் இருக்கிறது, 1986-இலிருந்து இயங்கும் அமைப்பு.


மாத்திரை அட்டை எழுதியது:

செவிலியம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், மருந்துக்கடைக்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை. அரசுக் கொள்முதலில் கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் அளவும் மாறும். போன மாதம் மஞ்சள், இந்த மாதம் வெள்ளை. "எனக்கு விஷம் வைக்கிறார்கள்" என்ற பயம் உள்ளவர் அன்றோடு நிறுத்திவிடுவார். வாங்கிய இடத்திலேயே பழைய அட்டையையும் புதிய அட்டையையும் அவர் கையில் கொடுத்து, மருந்தின் பெயரை அவரையே படிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து விளக்கினால் எடுபடாது.

லித்தியம் சாப்பிடுபவர் வீட்டில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியவை: ரத்தத்தில் அளவு பொதுவாக 0.6-க்கும் 1.0-க்கும் இடையில் இருக்க வேண்டும். கடைசி வேளை மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். ராத்திரி 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணிக்கு ரத்தம், காலை மாத்திரை ரத்தம் கொடுத்த பிறகு. இதை மாற்றிச் செய்தால் அளவு தப்பாக வரும், டாக்டரும் தப்பாக மாற்றுவார். அளவு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தைராய்டும் கிரியாட்டினினும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் கடையில் வாங்கிப் போட்டால் லித்தியம் உடம்பிலேயே தங்கி ஏறும். வாந்தி, பேதி, சித்திரை வெயிலில் வேலை, உப்பைக் குறைப்பது, தண்ணீர் இல்லாமல் விரதம் எல்லாமே ஏற்றும். நோன்பு வைப்பவர்கள் மாதம் பிறக்கும் முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். கை பெரிதாக நடுங்குவது, நாக்குக் குழறுவது, நடை தள்ளாடுவது, வாந்தி சேர்ந்து வந்தால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரி.

க்ளோசபின் என்றால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்த வெள்ளணு எண்ணிக்கை, பிறகு ஒரு வருடம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை. தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்கக் கூடாது, அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். மலச்சிக்கலையும் சாதாரணமாக எடுக்காதீர்கள், குடல் அடைப்பு வரை போகும். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே தொடரக் கூடாது. 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும், அதுவும் டாக்டர் கையால்.

ஹாலோபெரிடால் ஊசிக்குப் பிறகு கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது, கண் மேலே சொருகுவது பார்க்கப் பயமாக இருக்கும். சாமி வந்ததும் இல்லை, வலிப்பும் இல்லை. ப்ரோமெத்தசின் ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் தணியும். சீட்டில் டி.எச்.பி. என்று எழுதுவது இந்த இறுக்கத்துக்கான மாத்திரை. ஆனால் கடும் காய்ச்சலோடு உடம்பு கட்டையாக விறைத்தால் அது வேறு, உயிருக்கு ஆபத்து, உடனே 108.


கரையோரம் எழுதியது:

அடுத்த கேள்வி பலரும் வெளியே சொல்லத் தயங்குவது. ரசத்திலோ காப்பியிலோ மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். பாதி வீட்டில் இது நடக்கிறது. சரியா?


மாத்திரை அட்டை எழுதியது:

நான் கடுமையாகவே சொல்கிறேன், செய்யாதீர்கள். யார் எவ்வளவு குடித்தார் என்று கணக்கு நிற்காது. அண்ணியும் போட்டு அம்மாவும் போட்டு இரட்டை அளவு போன இடங்கள் உண்டு. லித்தியத்தை இப்படிக் கொடுத்தால் ரத்தப் பரிசோதனைக்கு எப்படிக் கூட்டிப் போவீர்கள்? குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராமைக் குடிப்பவருக்குத் தெரியாமல் கலப்பது எல்லாவற்றிலும் மோசம். அதன் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். எல்லாவற்றுக்கும் மேல், ஒருநாள் டம்ளர் அடியில் வெள்ளைப் பொடி தங்கியிருப்பதை அவர் பார்த்துவிட்டால், சாப்பாட்டில் விஷம் என்ற அவருடைய சந்தேகத்துக்கு நீங்களே சாட்சி கொடுத்த மாதிரி. அப்புறம் வீட்டுச் சோறே சாப்பிட மாட்டார்.


வட்டார செவிலி எழுதியது:

நான் இதில் கொஞ்சம் வேறுபடுகிறேன். தப்புதான், ஆனால் வேறு வழி காட்டாமல் தப்பு என்று மட்டும் சொன்னால் அந்த அம்மா நாளைக்கும் ரசத்தில்தான் போடுவார். வழிகள் இவை. வாயில் வைத்தால் கரையும் ஓலான்சபின், ரிஸ்பெரிடோன் மாத்திரைகள் இருக்கின்றன, நாக்கடியில் ஒளித்துத் துப்ப முடியாது. நாள்பட வேலை செய்யும் ஊசி இருக்கிறது: ஃப்ளூஃபெனசின் டெக்கனோயேட் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஹாலோபெரிடால் டெக்கனோயேட் நான்கு வாரத்துக்கு ஒருமுறை. தினமும் மாத்திரைச் சண்டை இல்லை என்பதாலேயே பலர் ஊசிக்கு ஒப்புக்கொள்கிறார்கள்.

மறுப்பதற்குக் காரணம் என்னவென்றும் கேளுங்கள். தூக்கமாக இருக்கிறது, எச்சில் வழிகிறது, உடம்பு பெருத்துவிட்டது, ஆண்மை போய்விட்டது என்பார்கள். கடைசிக் காரணத்தை அம்மாவிடம் சொல்ல மாட்டார், டாக்டரிடம் தனியாக விட்டால்தான் சொல்வார். மருந்தை மாற்றவோ அளவைக் குறைக்கவோ முடியும்.

இதுவரை கலந்து கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் அதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். மருந்தே சாப்பிடாத ஆள் என்று நினைத்து அவர் மேலும் ஏற்றி எழுதிவிடக் கூடும்.


நீதிமன்றத் தெரு எழுதியது:

சட்டப் பக்கம் நான் சொல்கிறேன். இப்போது நடைமுறையில் இருப்பது மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017. 2018 மே 29 முதல் அமல். குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டிய பிரிவுகள் நாலைந்துதான்.

பிரிவு 14, நியமனப் பிரதிநிதி. நோயாளி தெளிவாக இருக்கும் நாளில் ஒரு வெள்ளைத்தாளில், "எனக்கு முடியாமல் போகும்போது எனக்காகப் பேச இன்னாரை நியமிக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். நியமிக்கப்பட்டவரும் சம்மதம் என்று எழுதித் தர வேண்டும். 18 வயதைத் தாண்டியவராக இருந்தால் போதும், ரத்த உறவுதான் என்றில்லை. முத்திரைத்தாள் தேவையில்லை. நோயாளி எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இந்தத் தாள் இல்லாத வீட்டில் ஆஸ்பத்திரி வாசலில் அண்ணனும் மனைவியும் நான்தான் நீதான் என்று நிற்கிறார்கள், அட்மிஷன் தள்ளிப்போகிறது.

பிரிவு 89. அவர் தானாக முடிவெடுக்க முடியாத நிலையில், நியமனப் பிரதிநிதி விண்ணப்பித்தால் அதிகபட்சம் 30 நாள் சேர்க்கலாம். அன்றோ அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள்ளோ இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவர். அதற்கு மேல் தேவையென்றால் பிரிவு 90, மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியோடு. "ஆறு மாசம் உள்ளே வைங்க" என்று கேட்டு நடக்காது.

பிரிவு 94. அவசரத்தில், பதிவுபெற்ற எந்த டாக்டரும் 72 மணி நேரம் வரை அவசரச் சிகிச்சை கொடுக்கலாம். ஊர் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கும் இந்த அதிகாரம் உண்டு. "நான் மனநல டாக்டர் இல்லை" என்று திருப்பி அனுப்பினால் இந்தப் பிரிவை மரியாதையாக நினைவூட்டுங்கள்.

பிரிவு 100, காவல்துறை. மனநோயோடு தெருவில் திரிபவரையோ, தனக்கோ பிறர்க்கோ ஆபத்தாக நிற்பவரையோ காவலர்கள் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. 108-இல் ஒரு ஓட்டுநரும் ஒரு மருத்துவ உதவியாளரும்தான் இருப்பார்கள், கையில் அரிவாளோடு நிற்பவரை அவர்களால் ஏற்ற முடியாது. ஆகவே அப்படிப்பட்ட நேரத்தில் இரண்டு எண்ணையும் சேர்த்தே அழையுங்கள், முதலில் 100 அல்லது 112.

தற்கொலைக்கு முயன்றவர் மீது வழக்கு வருமோ என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருக்கிறார்கள். பிரிவு 115-இன்படி அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவும், 2024 ஜூலை 1-இல் வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் தொடரவில்லை. ஆஸ்பத்திரியில் போலீஸுக்குத் தகவல் போகும், அது வழக்கமான பதிவு. பயந்து நேரத்தைக் கடத்தாதீர்கள். பூச்சிமருந்து குடித்தவருக்கு ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

மனநோயாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு, தொலைபேசி 15100.


சமூகப்பணி மேசை எழுதியது:

மாற்றுத்திறனாளி சான்றுக்கு வருகிறேன். மனநோய்க்குக் கிடைக்காது என்பது தவறு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மனநோயும் ஒன்று. 40 சதவீதம் இருந்தால் பலன்கள்.

சதவீதம் டாக்டர் மனதில் தோன்றுவது அல்ல. ஐடியாஸ் என்ற இந்திய அளவுகோல் இருக்கிறது. நான்கு தலைப்பு: தன்னைப் பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. நோயின் கால அளவுக்குத் தனியாக 1 முதல் 4. மொத்தம் 20. கூட்டினால் 7 முதல் 13 வரை வந்தால் 40 முதல் 70 சதவீதம். 14 முதல் 19 என்றால் 71 முதல் 99 சதவீதம். 6-இல் நின்றுவிட்டால் 40-க்குக் கீழே, எந்தப் பலனும் இல்லை.

இப்போது பாருங்கள், எங்கே சறுக்குகிறது. சான்று முகாமுக்குக் கூட்டிப் போகும் அன்று குளிப்பாட்டி, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக் கொண்டுபோவோம். டாக்டர் "குளிக்கிறாரா?" என்பார். "குளிக்கிறார் சார்" என்போம், மானம் போகக் கூடாதே. அங்கே ஒரு மதிப்பெண் போய்விடும். யாரும் பொய் சொல்ல வேண்டாம். முழுதாகச் சொல்லுங்கள்: "நாலு தடவை சொன்னால் மூன்று நாளைக்கு ஒருமுறை குளிப்பார், சோப்பு நாங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டும்." வேலை பற்றிக் கேட்டால் "கடைக்குப் போய்வருவார்" என்று நிறுத்தாதீர்கள். மீதிச் சில்லறை கணக்குப் பார்த்து வாங்குவாரா, கடைசியாகச் சம்பளத்துக்கு எப்போது போனார், எத்தனை நாள் தாக்குப்பிடித்தார் என்பதையும் சொல்லுங்கள். முந்தைய வாரமே ஒரு பக்கத்தில் இந்த நான்கு தலைப்பிலும் குறிப்பு எழுதி வைத்துக்கொண்டு போவது நல்லது.

இரண்டாவது, கால அளவு. நோய் தொடங்கி எத்தனை வருடம் என்பதற்குத் தாள் வேண்டும். 2011-இல் பார்த்த டாக்டர் சீட்டைத் தொலைத்துவிட்டு 2022 சீட்டைக் காட்டினால் அந்த 11 வருடம் கணக்கில் வராது. பழைய ஆஸ்பத்திரியில் மருத்துவப் பதிவேட்டின் நகல் கேளுங்கள், மேலே சொன்ன 2017 மனநலச் சட்டத்தின் பிரிவு 25-இன்படி அது நோயாளியின் உரிமை.

விண்ணப்பம் தனித்துவ அடையாள அட்டைத் தளத்தில் நாமே போடலாம், இ-சேவை மையத்திலும் போடலாம். ஆதாரில் முன்னெழுத்து பின்னால், ரேஷன் அட்டையில் முன்னால் என்றிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பரிசோதனைக்கு ஆள் நேரில் வர வேண்டும். மனநோய்ச் சான்று பெரும்பாலும் தற்காலிகமானது. முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து, மூன்று மாதம் முன்னதாகவே புதுப்பிக்கப் போங்கள். காலாவதியானால் உதவித்தொகையும் நிற்கும்.

உதவித்தொகை வருவாய்த் துறையின் வழி. விண்ணப்பம் இ-சேவையில், முடிவு எடுப்பவர் சமூகப் பாதுகாப்புத் திட்ட வட்டாட்சியர். 2023 ஜனவரியில் மாதம் 1000-லிருந்து 1500 ஆனது. இழுத்தடித்தால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். மனு எண் இல்லாத மனு, மனுவே இல்லை.

இரண்டு குழப்பங்களையும் தீர்த்துவிடுகிறேன். நிராமயா காப்பீடும் தேசிய அறக்கட்டளையின் பாதுகாவலர் நியமனமும் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குத்தான். மனநோய்க்கு இல்லை. ரயில் கட்டணச் சலுகைப் பட்டியலிலும் மனநோய் இல்லை. தரகர் யாராவது வாங்கித் தருகிறேன் என்றால் பணம் கொடுக்காதீர்கள்.


கருவூலக் கணக்கு எழுதியது:

பெற்றோரில் ஒருவர் அரசு ஊழியர் அல்லது ஓய்வூதியர் என்றால், மற்ற எல்லாவற்றையும்விட இதை முதலில் செய்யுங்கள். மனநோயால் சொந்தமாகப் பிழைக்க முடியாத மகனுக்கோ மகளுக்கோ ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. மாநில அரசு, மத்திய அரசு இரண்டிலும் உண்டு. 25 வயது வரம்பு அவர்களுக்குப் பொருந்தாது.

பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரை மருத்துவச் சான்றோடு துறைக்கு எழுதிக் கொடுத்து, ஓய்வூதியப் பதிவில் ஏற்றிவிட வேண்டும். யார் வழியாகத் தொகை தர வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். மத்திய அரசு விதியில் பெற்றோர் கொடுத்த நியமனம் இருந்தாலே போதும், நீதிமன்றப் பாதுகாவலர் சான்று கேட்க வேண்டியதில்லை. பெற்றோர் இருவரும் போன பிறகு தம்பியோ அக்காவோ ஆரம்பித்தால், எப்போதிலிருந்து நோய் என்பதை நிரூபிப்பதிலேயே வருடங்கள் ஓடும். மேலே சொன்ன பழைய சீட்டுகள் இங்கேயும் வேண்டும்.

வீட்டை எழுதி வைப்பது பற்றி: நோயுள்ள பிள்ளை பெயருக்கே நேரடியாக எழுதினால் யாராவது ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிடக் கூடும். "அண்ணன் பார்த்துக்கொள்வான்" என்று அண்ணன் பெயருக்கே எழுதினால், அண்ணன் காலத்துக்குப் பிறகு அண்ணி பிள்ளைகளுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. இரண்டுக்கும் நடுவே தனியார் அறக்கட்டளைப் பத்திரம் என்ற வழி உண்டு. சொத்து அறக்கட்டளைக்கு, வருமானம் இவர் பராமரிப்புக்கு, அறங்காவலர் குறைந்தது இரண்டு பேர், அதில் ஒருவர் குடும்பத்துக்கு வெளியே உள்ளவராக இருந்தால் நல்லது. இதற்கு வக்கீல் வேண்டும், இ-சேவையில் நடக்காது.

வருமான வரி கட்டுபவர்கள் பழைய முறையில் இருந்தால் 1961 வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவில் 75,000 ரூபாய் கழிவு, 80 சதவீதமோ அதற்கு மேலோ சான்று இருந்தால் 1,25,000. புதிய முறையில் இல்லை. மருத்துவக் காப்பீட்டில் மனநோயை உடல்நோய் போலவே சேர்க்க வேண்டும் என்று 2017 சட்டத்தின் பிரிவு 21 சொல்கிறது. "மனநோய்க்குப் பொருந்தாது" என்ற பழைய வாசகத்தைக் காட்டி மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள்.


நீதிமன்றத் தெரு எழுதியது:

இல்லங்கள் பற்றி யாரும் எழுதவில்லை. 2001 ஆகஸ்ட் 6 விடியலில் ஏர்வாடி தர்கா பக்கம் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். எழுந்து ஓட முடியாமல் இறந்தார்கள். 2017 சட்டத்தின் பிரிவு 95 எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. வீட்டுக் கொல்லையில் கட்டிப்போடுவதையும் நாம் நிறுத்தியாக வேண்டும்.

ஒரு இல்லத்தில் சேர்க்குமுன் பார்க்க வேண்டியது: மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று சுவரில் மாட்டியிருக்கிறதா, அதில் எழுதிய இடமும் நீங்கள் நிற்கும் இடமும் ஒன்றா? எத்தனை பேருக்கு அனுமதி, எத்தனை பேர் இருக்கிறார்கள்? மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார்? இதைத் தங்கியிருப்பவர்களிடம் கேளுங்கள், மேலாளரிடம் வேண்டாம். ராத்திரி வாசல் பூட்டினால் சாவி யாரிடம்? சொல்லாமல் ஒருநாள் மத்தியானம் போனால் உள்ளே விடுவார்களா? "முதல் மூன்று மாதம் பார்க்க வரக் கூடாது" என்று சொல்லும் இடத்தில் விடாதீர்கள்.


சமூகப்பணி மேசை எழுதியது:

நம்பிக்கையோடு தர்காவுக்கோ கோயிலுக்கோ போகிறவர்களைத் திட்டி ஒன்றும் ஆகாது. ஏர்வாடியிலேயே பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கும் அரசுத் திட்டம் நடக்கிறது. குணசீலத்தில் கோயிலை ஒட்டி மனநல மறுவாழ்வு மையம் இருக்கிறது. ஒரே நிபந்தனை, மண்டலம் முடியும்வரை மாத்திரையை நிறுத்து என்று யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது.

அரசுக்கு வெளியே உள்ள இடங்கள்: சென்னை அண்ணா நகரில் ஸ்கார்ஃப், டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கியது, மனச்சிதைவுக்கே தனிக் கவனம், குடும்பத்தாருக்கும் வகுப்பு உண்டு. வீடற்ற பெண்களுக்குப் பான்யன், 1993-இலிருந்து. மதுரையில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை, 1992-இலிருந்து. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம், அங்கே உள்நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்குவது பல பத்தாண்டு வழக்கம். எப்படிப் பேசுவது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று அவரும் அங்கேயே கற்றுக்கொள்கிறார். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை, 1794-இல் தொடங்கியது, அவசரப் பிரிவு இரவிலும் உண்டு. மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு.


வட்டார செவிலி எழுதியது:

பார்த்துக்கொள்பவர்கள் தாங்களே கூடும் குழு ஒன்று உங்கள் வட்டத்தில் தொடங்கலாம், செலவே இல்லை. ஆறிலிருந்து எட்டுக் குடும்பம் போதும். மாதம் ஒரு ஞாயிறு, ஒன்றரை மணி நேரம். யார் வீட்டிலும் வேண்டாம், தெருவுக்குத் தெரிந்துவிடும் என்று வர மாட்டார்கள். நூலகம், சுகாதார நிலையக் கூடம் போன்ற பொது இடம். முதல் அரை மணி ஒரே ஒரு விஷயம், உதாரணமாக மாத்திரை அட்டவணை அல்லது சான்று விண்ணப்பம். மீதி நேரம் சுற்றி வந்து எல்லாரும் பேச வேண்டும், ஆளுக்கு ஐந்து நிமிஷம்.

கெட்டுப்போவது மூன்று விதமாக. டாக்டரை அழைத்துவந்து உரையாற்ற வைப்பார்கள், மூன்றாம் மாதம் யாரும் பேச மாட்டார்கள். ஒருவரே எல்லா நேரத்தையும் எடுத்துக்கொள்வார். வாட்ஸ்அப் குழுவில் யாராவது நோயாளியின் படத்தையோ சீட்டையோ போட்டுவிடுவார்கள், அன்றைக்கே இரண்டு குடும்பம் விலகும். வாட்ஸ்அப்பில் தேதியும் இடமும் மட்டும் என்று முதல் நாளே பேசி முடிவுசெய்யுங்கள். கணவனுக்கு நோய் உள்ள பெண்கள் ஆண்கள் நடுவே பேச மாட்டார்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவர்களுக்குத் தனியாக வையுங்கள்.


கரையோரம் எழுதியது:

கடைசியாக ஒன்று. ஆள் வீட்டை விட்டுப் போய்விட்டால்?


நீதிமன்றத் தெரு எழுதியது:

"24 மணி நேரம் பார்த்துட்டு வாங்க" என்று ஸ்டேஷனில் சொன்னால் ஏற்காதீர்கள், அப்படிக் காத்திருக்கச் சொல்லும் விதி இல்லை. உடனே காணவில்லை புகார், மனநோய் என்பதைப் புகாரிலேயே எழுதுங்கள். சிகிச்சைச் சீட்டின் நகல், சமீபத்துப் படம், கடைசியாகப் போட்டிருந்த சட்டை நிறம். அருகிலுள்ள ரயில்வே போலீஸிலும் தனியாகக் கொடுங்கள், பெரும்பாலும் ரயில் ஏறியிருப்பார். வேறு ஊரில் கண்டெடுக்கப்பட்டவருக்கும் அந்த ஊர் ஸ்டேஷன் காணவில்லை வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும் என்று பிரிவு 100 சொல்கிறது. பல மாவட்ட அரசு மருத்துவமனைகளில் தெருவில் திரிபவர்களுக்கான அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் இருக்கின்றன, அங்கெல்லாம் படத்தை அனுப்புங்கள்.


வட்டார செவிலி எழுதியது:

அலைவதற்கு முன்பே செய்து வைக்கக்கூடியது: சட்டைக் காலர் உள்பக்கம், பாவாடை நாடாப் பட்டியில், வீட்டுத் தொலைபேசி எண்ணை நூலால் தைத்துவிடுங்கள். பேனா எழுத்து நாலு சலவையில் போய்விடும். பையில் அட்டை வைத்தால் எறிந்துவிடுவார்.

அதோடு கதவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டுங்கள். நோயின் பெயர், இப்போதைய மாத்திரையும் அளவும் வேளையும், ஒத்துக்கொள்ளாத மருந்து, டாக்டர் பார்க்கும் இடமும் கிழமையும், அடுத்த ஊசித் தேதி, நியமனப் பிரதிநிதியின் பெயரும் எண்ணும், 108, 112, 14416. மாத்திரை மாறும் ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுதித் தேதி போடுங்கள். அவசரத்தில் பக்கத்து வீட்டுப் பையன் ஓடி வந்தாலும் அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறிவிடலாம்.